"சின்ன அப் ஒண்டுதானே தம்பி" எண்டு கேக்கப் போறவைக்கு: சொப்ட்வெயார் செய்விக்கிறது எப்பிடி

எங்கட பக்கத்தில ஒருத்தனுக்குக் கொஞ்சம் கோடிங் தெரியும் எண்ட கதை ஊருக்க பரவினாக் காணும், கோல் வரத் தொடங்கிடும். "தம்பி, மில்லுக்கு ஒரு அப் வேணும், பெரிசா ஒண்டும் இல்லை, நெல்லு வாங்கினா பில் வரோணும், அவ்வளவுதான்." "பிக்மீ மாதிரி ஓட்டோ பிடிக்கிற அப் ஒண்டு கிளிநொச்சிக்கு மட்டும் செய்தா என்ன, இஞ்ச ஓட்டோ கொஞ்சம்தானே." "கோயில் சந்தாக் கணக்குக்கு ஒண்டு, நீர் ஒரு சனி ஞாயிறு இருந்தா அடிச்சிடுவீர்தானே." கேக்கிறதில பிழை இல்லை, தேவை உண்மையாவே இருக்கு. எவ்வளவு வேலை, எவ்வளவு காசு, எத்தினை நாள் எண்ட கணக்கிலதான் எல்லாரும் சறுக்கிறது, அதில செய்விக்கிறவரும் செய்யிறவனும் ரெண்டு பேருமே முகத்தை முறிச்சுக்கொண்டு போறதுதான் கன இடத்தில முடிவு.

அதால இது மில் முதலாளிமார், கடைக்காரர், கமக்காரர் அமைப்புச் செயலாளர்மார், கனடாவில லண்டனில இருந்து "ஊருக்கு ஒரு அப் செய்து குடுப்பம், காசை நான் பாக்கிறன்" எண்டு சொல்லுற அண்ணைமார், இவைக்கெண்டு எழுதினது. கடைசிக்குக் கிட்ட படிக்கப் போற பெடியளுக்கும் கொஞ்சம் இருக்கு.

லேசான வேலையாத் தெரியிறதுக்குக் காரணம் இருக்கு. உங்களுக்குத் தெரியிறது ஸ்கிரீன் மட்டும், அதில நாலு கட்டமும் ஒரு பட்டனும்தான் இருக்கு. வெட்டு மெசின் வயலுக்க இறங்கின நேரம் மட்டும் வந்து பாத்த ஒரு ஆள், நெல்லு விளைவிக்கிறது ஒரு பின்னேர வேலை எண்டு சொன்னா நீங்கள் சிரிப்பியளோ இல்லையோ, அதே மாதிரித்தான் இதுவும். கோட் அடிக்கிற நேரம் மொத்தத்தில ஒரு பங்குதான். மிச்ச நேரமெல்லாம் "அப்பிடி நடந்தா என்ன செய்யிறது" எண்ட கேள்வியளுக்குப் பதில் தேடுறதில போகுது, அந்தப் பதில் இருக்கிறது உங்களிட்ட, கோட் அடிக்கிறவனிட்ட இல்லை. இதை மனசில வைச்சுக்கொண்டு வாசியுங்கோ.

கொம்பியூட்டரைத் தொட முதல் ஒரு கொப்பி

பரந்தனில ஒரு நெல்லு மில் எண்டு வைப்பம். முதலாளி சொல்லுறார், கமக்காரர் வருவார், நெல்லை நிறுப்பம், கிலோ விலையால பெருக்குவம், பில் குடுப்பம். நாலு வரி. இதை ஒரு கெட்டிக்காரப் பெடியன் ஒரு பின்னேரத்தில அடிச்சுக் காட்டுவான், பொய் இல்லை.

இப்ப காலபோக அறுவடை நேரம் அந்த மில் வாசலில ஒரு கதிரையப் போட்டு ஒரு நாள் முழுக்க இருந்து நடக்கிற எல்லாத்தையும் எழுதிப் பாருங்கோ. முதல் வந்தவர் விதைப்பு நேரம் பசளைக்கெண்டு முதலாளியிட்ட முற்பணம் வாங்கினவர், அதைக் கழிக்கோணும், ஆனா பிள்ளைக்கு ஒரு செலவு இருக்கு இப்ப பாதியக் கழியுங்கோ மிச்சம் சிறுபோகத்தில தாறன் எண்டுறார், முதலாளியும் தலையாட்டுறார். அடுத்தவரின்ர நெல்லு ஈரம், அதையும் மில்லுக்காரர் எடுப்பினம் ஆனா மூடைக்கு இத்தினை கிலோ எண்டு கழிச்சுத்தான் எடுப்பினம், அந்த "இத்தினை" எவ்வளவு எண்டதை முதலாளி நெல்லைக் கையில அள்ளி ரெண்டு மணியக் கடிச்சுப் பாத்துச் சொல்லுவார். மற்றவர் தான் வரேல்லை, லொறிக்காரனிட்ட நெல்லைக் குடுத்து விட்டிருக்கிறார், காசை ஆரிட்டக் குடுக்கிறது எண்டு போன் எடுத்தா போன் ஓஃப். இன்னொருத்தருக்கு அது குத்தகைக் காணி, நெல்லு வாறது ஒருத்தரின்ர பேரில, காசில ஒரு பங்கு போகோணும் காணிக்காரருக்கு. இடையில நிறுத்துக்கொண்டு இருக்கேக்க கறண்ட் நிண்டிட்டுது, அரைவாசி மூடை நிறுத்தாச்சு, மிச்சம் தராசில.

இதில ஒவ்வொண்டுக்கும் ஸ்கிரீனில ஒரு இடம் வேணும், டேட்டாபேஸில ஒரு கட்டம் வேணும், ரிப்போர்ட்டில ஒரு வரி வேணும், பிழையா அடிச்சா திருத்த வழி வேணும், ஆர் திருத்தலாம் எண்ட அனுமதி வேணும், திருத்தினவர் ஆர் எண்ட பதிவும் வேணும். நாலு வரி இப்ப எங்க போய் நிக்குது எண்டு பாருங்கோ.

விலை மாறுறதை மட்டும் எடுத்துப் பாப்பம். 2025 பெப்ரவரியில அரசாங்கம் நாட்டு நெல்லு கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132 எண்டு உத்தரவாத விலை அறிவிச்சது. முதலாளியும் தன்ர விலையை மாத்திறார், அப்பில பழைய விலையை அழிச்சுப் புதுசை அடிக்கிறார். அவசரத்தில செய்த அப் எண்டா முந்தநாள் வாங்கின நெல்லின்ர பில்லைத் திறந்தாலும் புது விலையிலதான் காட்டும், ஏனெண்டா பில்லுக்க விலையை எழுதி வைக்காம ஒவ்வொரு முறையும் விலைப்பட்டியலைப் பாத்துப் பெருக்கிக் காட்டுது. இது டெமோ காட்டேக்க தெரியாது, ஒரு கிழமை பாவிக்கவும் தெரியாது, விலை முதல்தரம் மாறின பிறகு ஆராவது பழைய துண்டைக் கொண்டு வந்து சண்டை பிடிக்கேக்கதான் தெரியும்.

அப்ப கொப்பியில எப்பிடி எழுதிறது? நடுவில ஒரு கோடு கீறுங்கோ. இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நாங்கள் செய்யிறது. வலப்பக்கம் "முதலாளி பாத்துச் சொல்லுவார்" எண்டு வாற இடமெல்லாம் ஒரு வட்டம் போடுங்கோ. அந்த வட்டங்கள் முக்கியம், ஏனெண்டா அதுக்கெல்லாம் கொம்பியூட்டர் கணக்குப் போட வேண்டாம், முதலாளி தன்ர கையால இலக்கத்தை அடிக்கிற ஒரு கட்டம் காணும் எண்டு சொல்லலாம். ஈரத்துக்குக் கழிக்கிற கிலோவைத் தானாக் கணக்குப் பண்ணுற மாதிரிச் செய் எண்டு கேட்டா அது வேற வேலை, வேற காசு. தானா நடக்கோணும் எண்ட ஆசையைக் குறைச்சா செலவு பாதியாகும், இதை ஆரும் சொல்லித் தாறேல்லை.

பேர், அடையாள அட்டை, அளவு

கேக்கவே சிரிப்பா இருக்கும், ஆனா ஆளை விழுத்திறது இந்த மூண்டும்தான்.

எங்கட சங்கங்களில, ஒஃபிசுகளில இருக்கிற பழைய உறுப்பினர் பட்டியல் கன இடத்தில பாமினி எழுத்தில எக்செல்லில கிடக்கும். பாமினி எண்டது எழுத்தின்ர வடிவத்தை மட்டும் தமிழாக் காட்டிற முறை, உள்ளுக்க இருக்கிறது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கந்தறகோலம். அப்பிடியே தூக்கி அப்புக்க போட்டா அந்தக் கந்தறகோலம்தான் தெரியும். எல்லாக் கொம்பியூட்டருக்கும் விளங்கிற பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாத்தோணும், மாத்திறதுக்கு சொப்ட்வெயார் இருக்கு, ஆனா பட்டியலுக்க இடைக்கிடை ஆங்கிலத்தில அடிச்ச பேரும், அடையாள அட்டை இலக்கமும், புள்ளியும் கலந்திருந்தா அதையும் சேத்துத் தமிழாக்கி விட்டிடும். பிறகு ஒரு ஆள் இருந்து ஒவ்வொரு வரியாப் பாக்கோணும். "டேட்டா எல்லாம் இருக்கு தம்பி, சும்மா ஏத்தினாச் சரி" எண்ட வசனத்துக்க ஒரு மாச வேலை ஒளிச்சிருக்கிறது இப்பிடித்தான்.

யூனிகோடு வந்தாலும் முடியாது. கொ எண்ட எழுத்தை எடுங்கோ. அதில இருக்கிற ஒகரக் குறியை ஒரே குறியாவும் சேமிக்கலாம், முன்னால கொம்பும் பின்னால அரவும் எண்டு ரெண்டு குறியாவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். கொம்பியூட்டருக்கு வேற வேற. கொற்றவன் எண்டு தேடுறியள், பட்டியலில கொற்றவன் இருக்கிறார், அப் சொல்லுது அப்பிடி ஒரு ஆள் இல்லை எண்டு. இதைத் தெரிஞ்ச ஆள் ரெண்டையும் ஒண்டாக்கிற வேலையை முதலே செய்து வைப்பார், தெரியாத ஆள் மூண்டு நாள் தலையைப் பிச்சுக்கொண்டு இருப்பார். சிவகுமாரா சிவக்குமாரா எண்டது இதுக்கு மேலால வாற தனிப் பிரச்சினை.

சரி, பேரை விட்டிட்டு அடையாள அட்டை இலக்கத்தில தேடுவம் எண்டா, பழைய அட்டையில ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016க்குப் பிறகு வந்ததில 12 இலக்கம். ஒரே ஆள் முற்பணம் வாங்கேக்க பழைய அட்டையைக் குடுத்து, நெல்லுக் கொண்டு வரேக்க புது அட்டையைக் குடுத்தா அப்பில ரெண்டு ஆள், கடன் ஒருத்தரின்ர பேரில, நெல்லு மற்றவரின்ர பேரில. பழசைப் புதுசாக்கிற வழி இருக்கு, அதை எழுதிற வேலையும் இருக்கு. அந்த இலக்கத்துக்க பிறந்த வருசமும் வருசத்தின்ர எத்தினையாவது நாள் எண்டதும் இருக்கு, பெண்களுக்கு அதோட 500 கூட்டியிருக்கும். அதில எல்லா வருசத்துக்கும் மாசி மாசம் 29 நாள் எண்டுதான் கணக்கு. இது தெரியாம சாதாரணக் கணக்கில எழுதினா மார்ச்சுக்குப் பிறகு பிறந்த முக்கால்வாசிப் பேரின்ர பிறந்த திகதி ஒரு நாள் தள்ளி நிக்கும். இதெல்லாம் எந்தக் கோர்ஸிலயும் வராது, செய்யப் போனாத்தான் காலில இடிக்கும்.

அளவு. ஒருத்தர் மூடை எண்டுவார், ஒருத்தர் கிலோ, வயசான ஐயா புசல் எண்டுவார், காணிக்கு ஒருத்தர் ஏக்கர் எண்டுவார் மற்றவர் பரப்பு எண்டுவார். மூடை எண்டா எத்தினை கிலோ எண்டு கேட்டா மில்லுக்கு மில் வேற பதில். இதைச் சின்ன விசயம் எண்டு நினைக்காதேங்கோ, 1999ல நாசா செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பின ஒரு விண்கலம் இதாலதான் அழிஞ்சது, ஒரு பகுதியின்ர சொப்ட்வெயார் இறாத்தல் கணக்கில இலக்கம் குடுக்க, வாங்கின மற்றப் பகுதி அதை நியூட்டன் எண்டு எடுத்துப் போட்டுது. நாசாவுக்கே அப்பிடி எண்டா பரந்தன் மில்லுக்கு ஒரு வரி எழுதி வைக்கிறதில என்ன குறை: எங்களிட்ட எல்லாம் கிலோ, அவ்வளவுதான்.

ஒரு போகத்துக்கு ஷீட்டில ஓட்டிப் பாருங்கோ

கன பேருக்கு அப் தேவையே இல்லை, இதைச் சொன்னா என்ர வருமானம் குறையும் எண்டாலும் சொல்லுறன். கூகுள் ஷீட்டோ எக்செல்லோ எடுத்து ஒரு போகம் முழுக்க அதில எழுதுங்கோ. அங்க எது கரைச்சல் குடுக்குது எண்டு பாருங்கோ. ஒரே ஷீட்டை ரெண்டு பேர் திறந்து குழப்பினமோ, கமக்காரருக்குத் துண்டு குடுக்க ஏலாம இருக்கோ, கடன் மிச்சம் எவ்வளவு எண்டு உடன சொல்ல முடியேல்லையோ. அந்தக் கரைச்சல்தான் நீங்கள் செய்விக்க வேண்டிய அப். போகம் முடியேக்க ஒரு கரைச்சலும் இல்லை எண்டா காசை வைச்சு தராசை மாத்துங்கோ.

கமக்காரர் அமைப்புகளுக்கு இது இன்னும் பொருந்தும். சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி செய்யலாம் எண்டது குளத்தில இருக்கிற தண்ணியப் பாத்துக் கூட்டத்தில தீர்மானிக்கிற விசயம், இரணைமடுவுக்குக் கீழ செய்யிறவைக்குத் தெரியும், வருசத்துக்கு வருசம் மாறும், பங்கு பிரிக்கிறதும் அதோட மாறும். போன வருசத்துப் பிரிப்பை அப்புக்க இறுக்கி எழுதி வைச்சா இந்த வருசம் அப் உதவாது. விதியே மாறுற இடத்தில விதியை நீங்களே மாத்திற மாதிரி ஒரு பக்கம் வேணும், அது சாதாரண ஸ்கிரீனை விடக் கஷ்டமான வேலை. ஷீட்டில எண்டா ஒரு வரியை மாத்தினாச் சரி.

"எத்தினை நாள் எடுக்கும்" எண்டு கேக்கிற விதம்

ஒரே ஒரு திகதியைக் கேக்காதேங்கோ. கேட்டா அவன் உங்கட முகத்தைப் பாத்து நீங்கள் விரும்பிற திகதியைச் சொல்லுவான், அதில உண்மை இராது. "எல்லாம் சரியா வந்தா எப்ப, எல்லாம் பிழைச்சா எப்ப" எண்டு ரெண்டு கேளுங்கோ. ரெண்டுக்கும் இடையில இருக்கிற தூரம் பெரிசு எண்டா ஆளில பிழை எண்டு நினைக்க வேண்டாம், இன்னும் பதில் இல்லாத கேள்வி கன இருக்கு எண்டு அர்த்தம், திரும்பக் கொப்பிக்குப் போங்கோ.

"முக்கால்வாசி முடிஞ்சுது" எண்ட கதையையும் நம்பாதேங்கோ. அமெரிக்காவில பெல் லாப்ஸ் எண்ட ஆய்வுகூடத்தில இருந்த டொம் கார்கில் பகிடியா ஒரு கணக்குச் சொன்னவர்: கோட் வேலையின்ர முதல் 90 வீதம் காலத்தின்ர முதல் 90 வீதத்தை எடுக்கும், மிச்ச 10 வீதம் காலத்தின்ர மற்ற 90 வீதத்தை எடுக்கும். கூட்டினா 180 வருது, அதுதான் பகிடி, அதுதான் நடக்கிறதும். வீதத்தைக் கேக்காம ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஓடுற அப்பை உங்கட போனில போட்டுக் காட்டச் சொல்லுங்கோ, நீங்களே நேற்று வந்த ஒரு உண்மையான பில்லை அடிச்சுப் பாருங்கோ. அடிக்க ஏலுமெண்டா அந்தப் பகுதி முடிஞ்சுது, ஏலாட்டி முடியேல்லை.

பிந்தினா "இன்னும் ரெண்டு பெடியளைப் பிடிச்சுப் போடும், காசு தாறன்" எண்டு சொல்ல வாய் வரும், அடக்குங்கோ. ஐபிஎம் 1960களில ஓஎஸ் 360 எண்டு ஒரு பெரிய சிஸ்டம் செய்தது, அந்த வேலையை நடத்தின பிரெட் புரூக்ஸ் 1975ல எழுதினது இதுதான், பிந்திப் போன சொப்ட்வெயார் வேலைக்கு ஆளைக் கூட்டினா அது இன்னும் பிந்தும். புதுசா வாறவைக்குப் பழைய ஆள் தன்ர வேலையை விட்டிட்டுச் சொல்லிக் குடுக்கோணும், அதோட ஆளுக்காள் கதைக்கிற வழியும் பெருகும்: மூண்டு பேருக்க மூண்டு சோடி, ஆறு பேராக்கினா 15 சோடி. பந்தல் போடுறதுக்கு ஆள் கூடினா உதவும், இதுக்கு உதவாது.

திகதியை முதலே அறிவிச்சுப் போட்டு வேலையைத் தொடங்கிறதும் எங்கட பக்கத்து வருத்தம். வற்றாப்பளைப் பொங்கலுக்குத் திறப்பு விழா, நோட்டீஸ் அடிச்சாச்சு, பிரதம விருந்தினருக்கும் சொல்லியாச்சு, அப் இன்னும் லொகினிலயே விழுது. அமெரிக்க அரசாங்கம் மருத்துவக் காப்புறுதிக்கெண்டு செய்த வெப்சைட்டும் 2013 ஒக்டோபர் 1 எண்டு திகதி குறிச்சு அண்டைக்கே திறந்தது, முதல் நாள் பதிவை முழுசா முடிச்சவை ஆறு பேர். ஒரு மாசம் களவாப் பாவிச்சுப் பாத்திட்டு விழா வையுங்கோ, பிரதம விருந்தினர் ஓடிப் போக மாட்டார்.

ஏஐ இருக்குத்தானே, அதைக் கேட்டா என்ன?

கேக்கலாம், நாங்களும் கேக்கிறம். மேல சொன்ன நாலு வரி மில் அப்பை ஏஐ ஒரு பின்னேரத்தில அழகாச் செய்து தரும், கலரும் நல்லா இருக்கும். முற்பணத்தில பாதியக் கழிக்கிறதோ முழுக்கக் கழிக்கிறதோ எண்டு அதுக்குத் தெரியாது, நீங்கள் சொல்லாட்டி அது தானே ஒண்டை முடிவெடுத்துப் போட்டுச் சத்தமில்லாம இருக்கும். இந்தச் சத்தமில்லாமைதான் ஆபத்து. பெடியன் எண்டா தலையைச் சொறிஞ்சுகொண்டாவது "அண்ணை, இது எப்பிடி" எண்டு கேப்பான்.

வேகத்தைப் பற்றியும் ஒண்டு. 2025ல மெட்ர் எண்ட ஆய்வு அமைப்பு 16 அனுபவமுள்ள டெவலப்பர்மாரை வைச்சு 246 வேலையில பாத்தது. ஏஐ பாவிச்ச வேலைக்கு 19 வீதம் கூடத்தான் நேரம் எடுத்திருக்கு, ஆனா முடிஞ்ச பிறகு கேட்டாலும் தங்களுக்கு 20 வீதம் மிச்சம் எண்டுதான் அவை சொல்லியிருக்கினம். அது அவை வருசக்கணக்காத் தெரிஞ்ச பெரிய பழைய சொப்ட்வெயாரில பாத்தது, புதுச் சின்ன அப்புக்கு அப்பிடியே பொருந்தாது. எண்டாலும் கெதியா நடக்குது எண்ட உணர்வும் கெதியா நடக்கிறதும் வேற எண்டதுக்கு அது நல்ல சாட்சி. உங்கட மருமோன் ஏஐ ஆல ஒரு இரவில அப் செய்து காட்டினவர் எண்டா சந்தோசம், அதில பில்லை ரத்துச் செய்து பாருங்கோ, பிறகு அதே பில்லை இன்னொருக்கா ரத்துச் செய்து பாருங்கோ, கமக்காரரின்ர கடன் ரெண்டு தரம் மாறுதோ எண்டு.

செய்து முடிச்ச பிறகு வாற செலவு

பிளே ஸ்டோர்ல கணக்குத் திறக்க 25 டொலர், ஒருக்காக் கட்டினாச் சரி. ஐபோனுக்கு வருசா வருசம் 99 டொலர், வன்னியில உங்கட கமக்காரரில எத்தினை பேரிட்ட ஐபோன் எண்டு எண்ணிப் பாத்திட்டு முடிவெடுங்கோ, என்னைக் கேட்டா வேண்டாம். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனியாள் பிளே ஸ்டோர் கணக்கு எண்டா 12 பேர் தொடர்ந்து 14 நாள் அந்த அப்பைப் பரிசோதிச்சிருக்கோணும், அதுக்குப் பிறகுதான் எல்லாருக்கும் விட கூகுளிட்ட அனுமதி கேக்கவே ஏலும், அதால "இண்டைக்கு முடிச்சா நாளைக்கு பிளே ஸ்டோர்ல" எண்டது நடக்காத கதை. டொமைன் எண்ட வெப் விலாசத்துக்கும், ஹோஸ்டிங் எண்ட சேர்வர் வாடகைக்கும் வருசா வருசம் காசு. கூகுள் வருசா வருசம் புது அன்ட்ரொய்ட் பதிப்புக்கு அப்பை ஏத்தச் சொல்லும், ஆரும் ஒண்டும் தொடாட்டியும் அப் பழசாகும்.

எஸ்எம்எஸ்ஸை ஆரும் கணக்கில எடுக்கிறேல்லை. "பில் அடிச்ச உடன கமக்காரருக்குத் தமிழில மெசேஜ் போகட்டும்." நல்ல யோசினை. ஆங்கிலத்தில ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில 70தான், அதுவும் கி, கு எண்டா எழுத்து ஒண்டு குறி ரெண்டு எண்டு போகும். பேர், கிலோ, விலை, கழிவு, மிச்சக் கடன் எல்லாம் தமிழில எழுதினா ஒரு மெசேஜ் மூண்டாப் பிரிஞ்சு போகும், மூண்டுக்கும் காசு. சுருக்கி எழுதப் பழகுங்கோ.

பிறகு ஓஃப்லைன். "சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யோணும்" எண்டது ஒரு வசனம், ஆனா கேட்ட உடன வேலை இரட்டிப்பாகிற வசனம் இதுதான். 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினவை, அதைக் கண்ட ஆக்கள் கேக்கிறதில நியாயம் இருக்கு. ஆனா யோசியுங்கோ: மில்லில ஒரு போன், வயலில தரகர் அண்ணையிட்ட ஒரு போன், ரெண்டிலயும் சிக்னல் இல்லை, ரெண்டு பேரும் ஒரே கமக்காரருக்கு முற்பணம் குடுத்து எழுதினம். பின்னேரம் சிக்னல் வரேக்க எது சரி, ரெண்டும் சரியோ, ஒண்டு மற்றதின்ர பிரதியோ? கொம்பியூட்டர் தானா முடிவெடுக்க ஏலாது, விதி நீங்கள்தான் சொல்லோணும். முடிஞ்சா ஒரு போனில மட்டும் எழுதிறது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, பெரிய காசு மிச்சம்.

டொமைனும் கூகுள் கணக்கும் பாஸ்வேட்டும் உங்கட பேரில இருக்கோணும், செய்து தந்த பெடியன் நாளைக்குக் கட்டாருக்குப் போனாலும் உங்கட கடை ஓடோணும். பக்கப், அதாவது டேட்டாவின்ர பிரதி, எடுக்கிறது எண்டா எடுத்ததைத் திருப்பி ஏத்திக் காட்டச் சொல்லுங்கோ, ஏத்திப் பாக்காத பக்கப் பக்கப் இல்லை.

படிக்கப் போறவைக்கு

மூண்டு மாசத்தில சொப்ட்வெயார் இஞ்சினியர், மாசம் லட்சம் எண்டு நோட்டீஸ் ஒட்டினமெண்டா தாண்டிப் போங்கோ. மூண்டு மாசத்தில ஒரு மொழியின்ர எழுத்துப் பிடிபடும், அதுவும் ஒழுங்கா இருந்து அடிச்சா. அறிவியல் நகரில இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு, அதே அறிவியல் நகரில யாழ்ப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம், வவுனியாவில 2021 ஓகஸ்டில இருந்து தனிப் பல்கலைக்கழகம், கொழும்புக்கு ஓடித்தான் படிக்கோணும் எண்ட காலம் போட்டுது. எங்க படிச்சாலும் மாமியின்ர கடைக்கோ அப்பாவின்ர சங்கத்துக்கோ ஒரு சின்னச் சாமான் செய்து அதை ஒரு வருசம் விழாம ஓட்டிப் பாருங்கோ தங்கச்சி, தம்பி. நேர்முகத்தில அதைப் பற்றிக் கேட்டா உங்களுக்குக் கதைக்க இருக்கும், பத்து சேர்ட்டிபிக்கட் வைச்சிருக்கிறவருக்கு இராது. அம்மா அப்பாமாருக்கு: பிள்ளை கொம்பியூட்டருக்கு முன்னால ஒண்டும் அடிக்காம மணிக்கணக்கா முழுசிக்கொண்டு இருந்தா, அநேகமா அதுதான் வேலை.

காசு குடுக்கிற விதம்

மொத்தக் காசையும் முதல் குடுக்காதேங்கோ, கடைசியில தாறன் எண்டும் சொல்லாதேங்கோ, ரெண்டுமே சண்டையில முடியும். வேலையை நாலு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டும் உங்கட போனில ஓடின பிறகு அதுக்குரிய காசு. கொப்பியில இல்லாத புது யோசினை இடையில வந்தா, கட்டாயம் வரும், அதைத் தனியா எழுதித் தனி விலை கேளுங்கோ, "இதையும் சேத்து விடும் தம்பி" எண்டு தோளில தட்ட வேண்டாம். சொந்தக்காரப் பெடியன் எண்டாலும் ஒரு தாளில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ, சொந்தக்காரன் எண்டா இன்னும் கட்டாயம். பத்தில ஒரு பங்கு காசை ஒரு அறுவடை முடியுமட்டும் கையில வைச்சிருங்கோ, காலபோகம் எண்டா பங்குனி முடியுமட்டும், ஏனெண்டா சனம் குவியிற அந்தக் கிழமையளிலதான் அப்பின்ர உண்மையான முகம் தெரியும், ஆனா அப்பிடி வைச்சிருக்கப் போறன் எண்டதைத் தொடங்க முதலே அவனுக்குச் சொல்லி, அந்தத் தாளிலயும் எழுதுங்கோ.